வீட்டில் வைத்திருந்தால் போதுமா?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்தவன் அவர்களைக் கைவிட்டவன். இன்று தமிழ்நாட்டில் சாதி, மதம், கட்சி பாராமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு இது. முதியோர் இல்லங்கள் பெருகக் காரணம் மகனா மருமகளா என்று பட்டிமன்றங்களில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். பெருகுவதே இழிவு என்பதில் இரண்டு அணிக்கும் ஒரே கருத்து. சாகும் தறுவாயில் இருக்கும் தகப்பனார் ஒருவர், தான் இருக்கும் இல்லத்துக்கு மின்விசிறி வாங்கிப் போடும்படி மகனிடம் கேட்பதாகவும், நாளை உன் பிள்ளை உன்னை இங்கே விடும்போது உனக்குப் புழுங்கக் கூடாது என்று காரணம் சொல்வதாகவும் ஒரு கதை வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. அதை உருகி உருகி அனுப்புகிறவர்களில் பலர் நல்லவர்கள். ஆனால் அவர்கள் நம்புவது தவறு. யார்மேல் இரக்கப்பட்டு அதை நம்புகிறார்களோ, அந்த முதியவர்களையே அந்தத் தவறு வதைக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் வைக்கிறேன். வயதானவர்களில் பெரும்பாலானோர் சொந்த வீட்டை விட்டுப் போக விரும்புவதில்லை. பழகிய கட்டில், பழகிய கோயில், வாசலில் நின்று நலம் விசாரிக்கும் கீரைக்காரம்மா, பேரப்பிள்ளைகளின் கூச்சல் ஆகியவற்றைக் கட்டணம் கட்டி வாங்க முடியாது. நினைவு மங்கத் தொடங்கியவர்களைத் திடீரென்று புது இடத்துக்கு மாற்றினால் குழப்பம் கூடும் என்பதை மருத்துவர்களும் சொல்கிறார்கள். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைத் தெருவில் விட்ட பிள்ளைகள் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். அதனால்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் கைவிடுதலை மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பணத்தை வாங்கிக்கொண்டு முதியவர்களை அடைத்து வைக்கும் இல்லங்களும் இருக்கின்றன. இவை அனைத்தையும் ஏற்கிறேன். இவற்றிலிருந்து 'ஆகவே வீட்டில் வைத்திருப்பவன் நல்லவன், இல்லத்தில் சேர்ப்பவன் கெட்டவன்' என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் மறுக்கிறேன்.

1. வீட்டில் வைத்திருக்கிறீர்கள், சரி. எப்படி வைத்திருக்கிறீர்கள்?

முறை வைத்துப் பார்ப்பது என்று நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று மகன்கள் என்றால் தாய்க்கு மாதம் ஒரு வீடு. மாதம் முடிந்த அன்று துணிப்பையும் மாத்திரை டப்பாவுமாக அடுத்த மகன் வீட்டுக்கு அவள் நகர்கிறாள். அவள் அடுக்கி வைக்க ஓர் அலமாரி எந்த வீட்டிலும் இல்லை. தாய், தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தால் சில குடும்பங்களில் ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஐம்பது வருடம் ஒன்றாகப் படுத்து எழுந்தவர்கள் அதன்பிறகு கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாட்டை ஊர் குறை சொல்வதில்லை. பிள்ளைகள் முறை தவறாமல் பார்க்கிறார்கள் என்று பாராட்டவும் செய்கிறது. அதே கணவனும் மனைவியும் ஓர் இல்லத்தில் ஒரே அறையில் சேர்ந்து இருந்தால், பாவம், அநாதைகள் என்று அதே ஊர் உச்சுக்கொட்டுகிறது.

நகரத்தில் இதற்கு வேறு வடிவம். கணவனும் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும். சோறும் குழம்பும் ஹாட்பேக்கில் இருக்கும். மறதி உள்ளவர் வெளியே போய்விடுவார் என்று கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். கூடத்தில் கேமரா இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் அந்தக் கேமராவில் தெரியாது. கூடத்தில் விழுந்தால் தெரியும், ஆனால் ஓடிவந்து தூக்க ஆள் இல்லை. பத்து மணிநேரம் ஒரு குரலும் கேட்காமல் கிடக்கும் இந்த வாழ்க்கை, மகன் வீட்டு விலாசத்தில் நடப்பதால் பாசம் என்ற பெயரைப் பெறுகிறது.

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. தலைக்கூத்தல் நடந்ததும் வீட்டில்தான். விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களைக் குளிப்பாட்டிச் சாகவிடும் அந்த வழக்கத்தைத்தான் 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற ‘பாரம்’ எடுத்துப் பேசியது. சொந்தக் கூரையின் கீழ், சொந்த மக்களின் கையால், சுற்றம் அறிய அது நடந்தது. எல்லா வீடும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வீடு என்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

2. "அந்தக் காலத்தில் பார்த்துக்கொள்ளவில்லையா?" எந்தக் காலத்தில், எந்த வேலையை?

நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 வருடம். குழந்தைச் சாவுகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன என்பது உண்மையே. இருந்தாலும் எண்பதைத் தாண்டியவர் ஊருக்கு இரண்டு மூன்று பேர்தான். இடுப்பெலும்பு முறிந்தாலோ பக்கவாதம் வந்தாலோ, படுக்கைப் புண்ணும் நுரையீரல் காய்ச்சலும் சில வாரங்களில் அவரைக் கொண்டுபோய்விடும். கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொண்டது அந்தச் சில வாரங்களை.

இன்று நிலைமை வேறு. இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை உண்டு, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் உண்டு, சாப்பிட முடியாவிட்டால் மூக்கு வழியே குழாய், சிறுநீர் போகாவிட்டால் அதற்கொரு குழாய். எழுந்து நடக்க முடியாத நிலையில் ஐந்து வருடம், எட்டு வருடம் வாழ்வது அரிதல்ல. அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. மறதி நோய் என்றால் பெயர் மறப்பது மட்டும் அல்ல. நடு இரவில் எழுந்து, இறந்துபோன அண்ணனைப் பார்க்கப் போகவேண்டும் என்று கதவைத் தட்டுவது, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறப்பது, மருமகள் என் சங்கிலியைத் திருடிவிட்டாள் என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்துவது, பெற்ற மகனையே யாரென்று கேட்பது எல்லாம் அதில் அடக்கம். இந்த வேலையை நம் முப்பாட்டிகள் செய்ததில்லை. அவர்களிடம் இதற்கான அனுபவமும் இல்லை, சொல்லிவைத்த வழிமுறையும் இல்லை. இல்லாத மரபின் பெயரால் இன்றைய குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்?

அந்தச் சில வாரங்களைக்கூட யார் பார்த்தார்கள்? தாலி இழந்து பிறந்த வீடு திரும்பிய அத்தை பார்த்தாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பேத்தி பார்த்தாள். சம்பளமும் சொத்தும் போக்கிடமும் இல்லாத பெண்கள் இருந்ததால்தான் கூட்டுக் குடும்பத்தின் முதியவர்கள் பராமரிக்கப்பட்டார்கள். அத்தைகளுக்கு மறுவாழ்வும் பேத்திகளுக்குப் படிப்பும் கிடைத்ததற்காக நாம் மகிழ்கிறோம் என்றால், அவர்கள் செய்த வேலையை இனி யார் செய்வது என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

3. "என் அம்மாவை இல்லத்தில் விடமாட்டேன்" என்கிற மகன், அம்மாவைக் குளிப்பாட்டுகிறானா?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நடக்கும் எந்தப் பேச்சும் வெறும் பேச்சு. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். டயப்பர் மாற்ற வேண்டும், வாய் கழுவ வேண்டும், விழுங்கும்போது புரையேறாமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் அதே வேலை இருக்கும். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், குடும்பத்தாரைச் சம்பளமின்றிப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 76 நிமிடம். இது குழந்தைப் பராமரிப்பையும் சேர்த்த கணக்கு. அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களின் விகிதமும் பெண்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். சபதம் போடுவது மகன், அதை நிறைவேற்றுவது மருமகள். அவள் முடியாது என்று சொன்னால் பட்டிமன்ற மேடையில் அவள்தான் வில்லி.

மருமகளின் சுமை ஒரு பக்கம். முதியவரின் மானம் இன்னொரு பக்கம். அதை யாரும் பேசுவதில்லை. மருமகள் கையால் கால்கழுவிக்கொள்ள எந்த மாமனாருக்கு மனம் ஒப்பும்? எத்தனையோ பெரியவர்கள் இரவில் யாரையும் எழுப்பக் கூடாது என்று மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சல் ஏறி, பிதற்றத் தொடங்கி மருத்துவமனைக்குப் போகிறார்கள். தன்னை ஒரு தொந்தரவு என்று நினைத்துத் தானே சுருங்கிக்கொள்ளும் மனிதருக்கு, அதையே தொழிலாகப் பயின்ற, சம்பளம் வாங்குகிற ஓர் ஊழியரின் கை பல நேரம் விடுதலையாக இருக்கிறது. அழைப்பு மணியை அடிக்க அவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அதன்பிறகு மகன் வந்து உட்கார்ந்தால் மகனாக உட்காரலாம். மருமகள் வந்தால் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசலாம்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்பார்கள். ஜப்பானில் மூத்த மகனின் மனைவிதான் மாமனார் மாமியாரைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் நம்மைவிட இறுக்கமாக இருந்தது. அந்த நாடு 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நாற்பது வயதானதும் ஒவ்வொருவரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேர மையம், தங்கும் இல்லம் எல்லாமே அதில் வரும். பெரியவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒரு சமூகம், மருமகள்களின் முதுகை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு சட்டம் போட்டது.

4. பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.4. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைப் பிள்ளைகூட இல்லை. 2011இல் மாநில மக்கள்தொகையில் 10.4 விழுக்காடாக இருந்த அறுபது வயது கடந்தவர்கள் 2031இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஒரே பிள்ளை உள்ள ஒருவரும் ஒரே பிள்ளை உள்ள ஒருவரும் கல்யாணம் செய்துகொண்டால் அந்த இருவருக்கு முன்னால் நான்கு முதியவர்கள். அந்த ஒரே பிள்ளை பெண்ணாக இருந்தால்? சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒரே கடமையைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று தகப்பன் கூசுகிறார். மாமனாரை வைத்துக்கொள்கிறான் என்று மருமகனை உறவினர்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். மகள் வீட்டுக்கும் போகக் கூடாது, இல்லத்துக்கும் போகக் கூடாது என்றால், மகனில்லாதவர்களுக்கு இந்தச் சமூகம் விட்டுவைத்திருக்கும் இடம் எது? கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள், பிள்ளை பிறக்காதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இந்தப் பேச்சில் வருவதே இல்லை.

5. சொத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லத்தில்தான் விடுவார்கள் என்று யார் சொன்னது?

வீட்டில் வைத்துக்கொண்டும் சொத்தைப் பறிக்கலாம். கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி செட்டில்மென்ட் எழுதி வாங்கிய பிறகு சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு பாய் மட்டும் மிஞ்சிய கதைகள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயங்களில் குவிந்து கிடக்கின்றன. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், பாசத்தோடு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படிப்பட்ட பத்திரங்களில் உள்ளடங்கியே இருக்கிறது என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, பத்திரம் ரத்தானதை உறுதிசெய்தது. ஆனால் 2022இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே எழுதிக் கொடுப்பவர்கள் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவை மனத்தில் வைத்து, பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. உயிரோடு இருக்கும்வரை எழுதிக் கொடுக்காமலே இருப்பது அதைவிட நல்லது.

6. இந்த அவச்சொல்தான் மோசமான இல்லங்களைக் காப்பாற்றுகிறது.

என் மறுப்புகளில் இதுதான் முதன்மையானது. முதியோர் இல்லம் என்றாலே இழிவு என்ற எண்ணம் ஒருவரையும் இல்லத்துக்குப் போகாமல் தடுத்ததில்லை. எப்படிப் போகிறார்கள் என்பதை மட்டும் அது கெடுத்திருக்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தாய்க்கு எழுபத்தெட்டு வயது, நடை தளர்ந்துவிட்டது, மறதி தொடங்கிவிட்டது. இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை, பேசினாலே பாவம். ஒருநாள் விழுகிறார். அறுவை சிகிச்சை முடிந்து வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறது மருத்துவமனை. வீட்டுக் குளியலறைக்குள் வாக்கர் நுழையாது. ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ் என்ன படித்தவர் என்று கேட்க வழியில்லை. அவரும் மூன்றாம் நாள் நின்றுவிடுகிறார். யாரோ கொடுத்த கைபேசி எண்ணை வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் நடக்கும் ஓர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவைச் சேர்க்கிறார்கள். அம்மாவிடம் சிகிச்சைக்காக ஒரு வாரம் என்கிறார்கள். உறவினர்களிடம் சின்னவள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள்.

அந்தப் பொய் சொல்லப்பட்ட நிமிடத்திலிருந்து அந்தத் தாய் பாதுகாப்பை இழக்கிறார். எங்கே இருக்கிறார் என்று தெரியாததால் தங்கைகளும் பழைய தோழிகளும் பக்கத்து வீட்டாரும் பார்க்க வரமுடியாது. குற்றவுணர்ச்சியால் மகனும் போவதைக் குறைத்துக்கொள்கிறான். போகும்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறான். அன்று மட்டும் விரிப்பு சுத்தமாக இருக்கும். கையில் கன்றிய தழும்பைப் பார்த்தாலும் புகார் கொடுக்கத் தயங்குகிறான். புகார் கொடுத்தால் சேர்த்தது வெளியே தெரியும், அம்மாவைத் திரும்ப அழைத்துப் போகச் சொல்வார்கள் என்ற பயமும் உண்டு. மோசமான இல்லத்தை நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய அரண் வேறென்ன வேண்டும்?

வெட்கப்படுகிறவர்கள் கூட்டாகச் சேர்ந்து எதையும் கேட்பதும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றாவது அமைப்பதைப் பற்றி 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேசுகிறது. பதினெட்டு வருடம் கடந்த பிறகும் அதை வைத்து ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளரை யாராவது மடக்கியிருக்கிறார்களா? இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும், ஜீவனாம்சத்துக்கான மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு நீங்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்து, மசோதாவும் காலாவதியானது. ஒரு பேரணி இல்லை, ஒரு கண்டனம் இல்லை. இல்லத்தில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் தலைகுனிந்து ஒளிந்திருக்கும்போது யார் குரல் கொடுப்பார்கள்?

இதனால் அதிகம் அடிபடுவது நடுத்தரம். கையில் பெரும்பணம் உள்ளவருக்குக் கோயம்புத்தூரிலும் சென்னைப் புறநகரிலும் மூத்தோர் குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றிலும் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்வரைதான். படுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் தெளிவான பதில் இருப்பதில்லை. எதுவுமே இல்லாதவருக்கு அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச இல்லங்கள் இருக்கின்றன, இடம் கிடைத்தால். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை வைத்துக்கொண்டு அவர் வேறெங்கும் போகமுடியாது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் குமாஸ்தாவின் மனைவி, தனியார் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை, கடை நடத்திய பெரியவர் ஆகியோருக்கு இரண்டிலும் இடமில்லை. அவர்கள்தான் பெயர்ப்பலகை இல்லாத அந்த வாடகை வீடுகளுக்குப் போகிறார்கள்.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறைக்கு முன் பிள்ளைப்பேறு வீட்டில்தான். இன்று தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக எந்தத் தாயையும் நாம் ஏசுவதில்லை. சேர்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்புவதும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், நர்ஸ் திட்டினால் சண்டை போடுகிறாள், டாக்டர் வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுகிறாள். ஊரே வெளிப்படையாக வந்து போகிற இடமாக இருந்ததால்தான் பிரசவ வார்டுகளைத் திருத்தச் சொல்லி அரசைக் கேட்க முடிந்தது.

அந்த உரிமையோடு இல்லத்தின் வாசலில் நின்று கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய. இரவுப் பணியில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு? படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டியதற்கான குறிப்பேடு உண்டா? மருத்துவமனைக்குப் போகும் நிலை வந்தால் யார் கூடப் போவார்கள்? மறதி முற்றினால் வைத்துக்கொள்வீர்களா, அனுப்பிவிடுவீர்களா? முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பும்? கடைசி நாட்களில் குடும்பத்தினர் கூடத் தங்கலாமா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்றோ, நேரம் பார்த்துச் சொல்கிறோம் என்றோ பதில் வந்தால், மேற்கொண்டு எதையும் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

7. "அவர்களே போக மாட்டேன் என்கிறார்களே?"

எப்போது கேட்டீர்கள்? இடுப்பு முறிந்து, மருந்து மயக்கத்தில், ஐ.சி.யூ. வாசலில் கேட்டால் எவரும் என்னை வீட்டுக்குக் கொண்டுபோ என்றுதான் சொல்வார். கேட்கவேண்டியது அறுபத்தைந்தில், நன்றாக நடமாடும்போது, நான்கு இடங்களை அவரே போய்ப் பார்த்த பிறகு. அதற்குப் பிறகும் வீடுதான் என்று அவர் சொன்னால் வீடுதான். அந்த விருப்பத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் மதிப்பது என்றால் அதற்கான ஏற்பாட்டைச் செய்வது. கழிவறையில் கைப்பிடி, வாக்கரும் சக்கர நாற்காலியும் நுழையும் கதவு, தடுக்காத நிலைப்படி, இரவில் கூட ஓர் ஆள், அந்த ஆளுக்கும் விடுப்பு. இவை எதுவும் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதற்கு விருப்பத்தை மதிப்பது என்று பெயர் சூட்டக் கூடாது.

வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியவையும் இங்கே ஆளில்லாமல் கிடக்கின்றன. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களின் வலையமைப்பாக மாநிலம் முழுக்கப் பரவி, 2008இல் அரசின் கொள்கையே ஆயிற்று. தெருவில் ஒருவர் படுத்துவிட்டால் அது அந்தத் தெருவின் பொறுப்பு. இங்கே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையையும் வலிநிவாரணப் பராமரிப்பையும் கொண்டு போகிறது. பகலில் பெரியவர்கள் வந்து இருந்துவிட்டுப் போக 25 அன்புச்சோலை மையங்களை 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல தொடக்கங்கள்தான், ஆனால் ஏழரைக் கோடிப் பேர் உள்ள மாநிலத்துக்கு 25 எந்த மூலைக்கு? ஒவ்வொரு வார்டிலும் ஒன்று வேண்டும் என்று கேட்கும் துணிவு, பெற்றோரைப் பகலில் ஓர் இடத்தில் விட்டு வருவது வெட்கம் அல்ல என்று நினைப்பவர்களுக்குத்தான் வரும்.

ஆகவே மாவட்ட நிர்வாகங்களிடம் கேட்கவேண்டியது எளிமையானது: உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு முதியோர் இல்லத்தின் பெயரையும், கடைசியாக அதை யார் எப்போது சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்பதையும் பொதுவில் வையுங்கள். பிள்ளைகளிடம் கேட்பது: அம்மா அப்பா நடமாடும்போதே உட்கார்ந்து பேசுங்கள், எங்கே சேர்த்தாலும் அதை மறைக்காதீர்கள். மற்ற எல்லோரிடமும் கேட்பது இன்னும் சிறியது. தெரிந்த ஓர் அம்மா இல்லத்துக்குப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டால், ஏன் விட்டீர்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். எந்த இல்லம் என்று கேளுங்கள். விலாசத்தை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் ஒருநாள் போய் அந்த அம்மாவைப் பாருங்கள்.